வாசனை அறியாத ஒருவரின் குழந்தையின்மை: மலையகத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இந்நிகழ்வு நுவரெலியா மாவட்டத்தின் மேற்குப் பகுதியிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் வாழும் தம்பதி பற்றியது. அவர்களது சம்மதத்துடன் எழுதப்படுகிறது. தோட்டத்தின் பெயரும் இருவரையும் அடையாளம் காட்டக்கூடிய விபரங்களும் தவிர்க்கப்பட்டுள்ளன. மருந்தால் சீராக்கக்கூடிய ஆண் மலட்டுத்தன்மைகள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று ஒருவருடைய உடலில் முப்பது வருடங்களுக்கு மேலாகக் கண்ணுக்குத் தெரியும்படியே இருந்தும், ஒருவரும் அவரைப் பரிசோதிக்காத காரணத்தால் மறைந்து கிடந்தது.

பின்னணி

கணவருக்கு வயது 33, மனைவிக்கு 29. மனைவி கொழுந்து பறிக்கிறார். கணவர் அதே தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். திருமணமாகி ஆறு வருடங்கள் கடந்தும் குழந்தை இல்லாததால், தோட்ட வைத்திய உதவியாளர் எழுதிக் கொடுத்த கடிதத்துடன் கிளினிக்குக்கு வந்தார்கள். அந்தக் கடிதத்தில் மனைவியின் பெயர் மட்டுமே இருந்தது.

மனைவியின் கோப்பு தடித்திருந்தது. கர்ப்பப்பையையும் சூலகங்களையும் இரண்டு தடவை ஸ்கேன் செய்திருந்தார்கள். சாயம் செலுத்தி எடுத்த பலோப்பியன் குழாய்ப் படம் ஒன்றும் ஓமோன் பரிசோதனை முடிவுகளும் இருந்தன. எல்லாமே இயல்பு நிலையைக் காட்டின. இவற்றுக்காக அவர் பல நாட்கள் வேலைக்குப் போகாமல் சம்பளத்தை இழந்திருந்தார். தோட்டத்து மாரியம்மன் கோவில் மரத்தில் தொட்டில் கட்டியதும், கதிர்காமத்துக்கு நேர்ந்துகொண்டதும், மகனுக்கு வேறு பெண் பார்க்கலாமா என்று மாமியார் உறவுக்காரர்களிடம் விசாரிக்கத் தொடங்கியதும் இந்த ஆறு வருடங்களுக்குள் நடந்தவை. கணவருக்கு ஒரு விந்துப் பரிசோதனைகூடச் செய்யப்பட்டிருக்கவில்லை.

கணவரின் பழைய வரலாற்றில் இரண்டு செய்திகள் முக்கியமானவை. பதினொரு வயதளவில் அவருக்கு இடப்பக்க விதை இறங்காமல் இருந்ததற்காகச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. அப்போது கொடுத்த வைத்தியசாலை அட்டையைத் தாயார் பத்திரமாக வைத்திருந்தார். அதில் இருந்தவை சிங்களமும் ஆங்கிலமும் மட்டுமே. பருவ வயதில் மீண்டும் கொண்டுவந்து காட்டும்படி அதன் அடியில் எழுதப்பட்டிருந்ததை வீட்டில் எவராலும் வாசிக்க முடியவில்லை. இரண்டாவது, மீசை அரும்பாததால் இருபத்து நான்கு வயதில் அவர் நகரத்தில் ஓரிடத்தில் சில மாதங்கள் ஊசி போட்டுக்கொண்டார். சத்து ஊசி என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அவர் வைத்திருந்த வெற்றுப் பெட்டியைப் பார்த்தபோது அது ஆண்மைக்குரிய ஓமோனான டெஸ்டொஸ்டெரோன் என்று தெரிந்தது. காசு போதாததால் தாமாகவே நிறுத்திவிட்டார்.

கிளினிக்கில் கண்டவை

கணவர் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். உள்ளே அழைத்ததும், "எனக்கு ஒண்ணும் இல்லீங்க டொக்டர், அவளைத்தான் பாக்கணும்னு எழுதியிருக்கு" என்றார். மெல்லிய, பையனுக்குரிய குரல். முகத்தில் சவரம் செய்த தடமே இல்லை. உயரம் 173 சென்ரிமீற்றர். இரு கைகளையும் விரித்து அளந்தபோது 182 சென்ரிமீற்றர் இருந்தது. விரித்த கைகளின் நீளம் உயரத்தை ஐந்து சென்ரிமீற்றருக்கு மேல் விஞ்சுமானால், பருவமடைதலுக்குரிய ஓமோன் உரிய காலத்தில் கிடைக்காமல் கைகால் எலும்புகள் நீண்டகாலம் வளர்ந்துகொண்டே போயிருக்கின்றன என்று கொள்ளலாம்.

தொழில் பற்றி விசாரித்ததிலிருந்துதான் வழி பிறந்தது. வாட்டிய கொழுந்து உருளையில் அரைபட்ட பின் தூளாகப் பரப்பி வைக்கப்படுகிறது. அதன் பச்சை வாடை மாறிப் பழுத்த பழத்தின் மணம் எழும் தருணத்தை மூக்கால் அறிந்துதான் டீமேக்கர்கள் அதை டிரையருக்கு அனுப்புகிறார்கள். இவரை முதலில் அந்தப் பகுதியில் விட்டிருந்தார்கள். பிறகு டிரையருக்கு மாற்றினார்கள். தூள் கருகும் வாடை தொழிற்சாலை முழுவதும் பரவிய ஒரு நாளில், டிரையரின் பக்கத்திலேயே நின்றிருந்த இவர் அசையாமல் இருந்ததால், கவனமில்லாதவர் என்று டீமேக்கர் ஏசி, மூட்டை தூக்கும் வேலைக்கு அனுப்பிவிட்டார். இதை அவர் ஒரு மனக்குறையாகத்தான் சொன்னார், நோயாக அல்ல.

வாசனை தெரியுமா என்று நேரடியாகக் கேட்டபோது, தெரியும் என்றே பதில் வந்தது. சித்தாலேப்ப தைலம் பூசினால் மூக்கில் "சுருக்குன்னு ஏறும்" என்பதை அதற்கு ஆதாரமாகச் சொன்னார். இந்த இடத்தில் பல வைத்தியர்கள் கேள்வியை முடித்துக்கொள்வார்கள். தைலங்களும் அமோனியாவும் மூக்கில் ஏற்படுத்தும் எரிவையும் குளிர்ச்சியையும் மூளைக்குக் கொண்டு செல்வது முகத்தின் தொடுவுணர்வு நரம்பு. மணநரம்புக்கு அதில் வேலை இல்லை. ஆகவே கண்ணை மூடச்சொல்லி, கோப்பித்தூள், ஏலக்காய், மண்ணெண்ணெய் நனைத்த பஞ்சு, கருவாட்டுத் துண்டு ஆகியவற்றை ஒவ்வொன்றாக மூக்கருகில் பிடித்தோம். நான்கிலும் அவருக்கு எதுவும் தெரியவில்லை. கருவாட்டை முகர்ந்துவிட்டு, "காத்து மட்டுந்தான் வருதுங்க" என்றார். பக்கத்தில் இருந்த மனைவி, சோறு அடிப்பிடித்தால்கூட இவர் எழுந்து போய்ப் பார்க்க மாட்டார் என்றும், வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைத்துப் பல தடவை சண்டை பிடித்ததாகவும் சொன்னார்.

உடற்பரிசோதனைக்கு அவர் தயங்கினார். மனைவியை வெளியே இருக்கச் சொல்லி, ஆண் தாதி ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, எதற்காகப் பார்க்கிறோம் என்று விளக்கிய பின் இணங்கினார். ஆண்குறி சிறுவர்களுக்குரிய அளவில் இருந்தது. உடல் மயிர் மிகக் குறைவு. 1 முதல் 25 மில்லிலீற்றர் வரையான மணிகளைக் கோத்த அளவுகோவையுடன் ஒப்பிட்டபோது வலது விதை 3 மில்லிலீற்றரும், முன்னர் சத்திரசிகிச்சை செய்யப்பட்ட இடது விதை 2 மில்லிலீற்றரும் இருந்தன. வளர்ந்த ஆணின் விதை 15 முதல் 25 மில்லிலீற்றர் வரை இருக்கும். நான்குக்குக் கீழே என்றால் பருவமடைதல் தொடங்கவே இல்லை என்று பொருள். வலது கையை மட்டும் மூடித் திறக்கச் சொன்னபோது, மடியில் கிடந்த இடது கை விரல்களும் அதே தாளத்தில் அசைந்தன. அவர் தடுக்க முயன்றும் அந்த அசைவு நிற்கவில்லை.

தம்பதியருக்கிடையே உடலுறவு மிக அரிதாகவே நிகழ்ந்தது என்பதையும், விந்து வெளிவந்ததே இல்லை என்பதையும் பிறகு தனித்தனியே பேசியபோது அறிந்தோம். மனைவி இதை ஆறு வருடங்களாக எவரிடமும் சொல்லவில்லை. மாமியார் ஏசியபோதும் சொல்லவில்லை.

பரிசோதனைகள்

காலை எட்டு மணிக்கு எடுத்த இரத்தத்தில் டெஸ்டொஸ்டெரோன் லீற்றருக்கு 0.9 நனோமோல். வளர்ந்த ஆண்களில் இது பொதுவாகப் பத்துக்கு மேல் இருக்கும். மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி விதைகளைத் தூண்டச் சுரக்கும் ஓமோன்களான எல்.எச்., எப்.எஸ்.எச். இரண்டும் லீற்றருக்கு ஓர் அலகுக்கும் குறைவாக இருந்தன. நோய் எங்கே இருக்கிறது என்பதை இந்த முடிவுகளே பிரித்துக் காட்டின. விதையே கெட்டிருந்தால், உதாரணமாக மேலதிக எக்ஸ் நிறமூர்த்தத்துடன் பிறக்கும் கிளைன்ஃபெல்டர் நிலையில், கபச்சுரப்பி அதை உசுப்பிவிட முயன்று இவ்விரு ஓமோன்களையும் மிகுதியாகச் சுரக்கும். இவரில் மேலிருந்து கட்டளையே வரவில்லை. புரோலக்டின், தைரொயிட், கோர்ட்டிசோல் அளவுகள் இயல்பாக இருந்ததால் கபச்சுரப்பிக் கட்டிக்கான சந்தேகம் குறைந்தது.

வயிற்று ஸ்கேனில் இடது சிறுநீரகம் காணப்படவில்லை. வலது சிறுநீரகம் அளவில் பெருத்து இரண்டின் வேலையையும் செய்துகொண்டிருந்தது. கண்டியில் எடுக்கப்பட்ட எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையின் அடியில் இருக்க வேண்டிய, வாசனையை உணர உதவும் மணக்குமிழ்கள் இரு பக்கமும் இல்லை. எலும்பு அடர்த்தி அவரது வயதுக்குக் குறைவாக இருந்தது.

நோயின் இயல்பு

இவை அனைத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது இது கால்மன் நோய்த்தொகுதி என்பதில் ஐயமில்லை. மணநரம்பு இன்மையும் பாலுறுப்பு வளர்ச்சியின்மையும் ஒரே உடலில் சேர்ந்திருப்பதை 1856இல் ஸ்பானிய உடற்கூற்றியலாளர் மாயெஸ்த்ரே தே சான் ஹுவான் பதிவு செய்தார். இது குடும்பங்களில் வழிவழியாக வருவதை 1944இல் ஃபிரான்ஸ் யோசப் கால்மனும் உடன் ஆய்வாளர்களும் காட்டினர். ஆண்களில் ஏறத்தாழ முப்பதாயிரம் பேரில் ஒருவருக்கு இது ஏற்படுவதாகப் பொதுவாகக் கணிக்கப்படுகிறது.

மூக்குக்கும் விதைக்கும் என்ன தொடர்பு என்று கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. பருவமடைதலைத் தொடக்கிவைக்கும் ஓமோனைச் சுரக்கின்ற நரம்புக் கலங்கள் கருவில் மூக்குப் பகுதியிலேதான் தோன்றுகின்றன. வளர்ந்துவரும் மணநரம்பின் நார்களைப் பற்றிக்கொண்டு அவை மூளைக்குள் ஏறி, கபச்சுரப்பிக்குக் கட்டளையிடும் பரிவகக்கீழில் சென்று தங்குகின்றன. மணநரம்பு உருவாகாவிட்டால் அக்கலங்களுக்கு ஏறிச்செல்ல வழி இல்லை. எனவே ஒரே கோளாறு வாசனையையும் பருவமடைதலையும் சேர்த்துப் பறிக்கிறது. எக்ஸ் நிறமூர்த்தத்திலுள்ள ஒரு பரம்பரை அலகு பழுதுபட்டு வரும் வகையில், ஒரு சிறுநீரகம் இன்மையும் ஒரு கையின் அசைவை மறுகை பின்பற்றுவதும் காணப்படுவதுண்டு. இவரில் இரண்டும் இருந்தன. பரம்பரை அலகுப் பரிசோதனைக்கு வசதி கிடைக்காததால், இந்த அடையாளங்களையும் குடும்ப வரலாற்றையும் வைத்தே எக்ஸ் வழி வந்தது என்று கொண்டோம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, மீண்டும் டெஸ்டொஸ்டெரோன் கொடுப்பதில்லை என்பது. அது மலிவானது, எளிதானது, மீசையும் குரலும் விரைவில் வரும். ஆனால் விந்தணு உருவாவதற்கு விதைக்குள்ளேயே சுரக்கும் டெஸ்டொஸ்டெரோன், இரத்தத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு செறிவுடன் இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஊசியால் செலுத்துவது அந்தச் செறிவைத் தராது, விதையையும் எழுப்பாது. இருபத்து நான்கு வயதில் போட்ட ஊசிகள் அவருக்குச் சிறிதளவு மயிரைத் தந்துவிட்டு விதையை இருந்தபடியே விட்டதற்குக் காரணம் இதுவே.

ஆகவே எச்.சி.ஜி. என்னும் ஓமோன் ஊசி 2000 சர்வதேச அலகு வாரத்துக்கு இரண்டு தடவை கொடுப்பதென்றும், ஆறு மாதங்களின் பின் விந்தணு தோன்றாவிட்டால் எப்.எஸ்.எச். ஊசி 150 அலகு வாரத்துக்கு மூன்று தடவை சேர்ப்பதென்றும் அகஞ்சுரக்கும் சுரப்பி நிபுணருடன் கலந்து தீர்மானித்தோம். எச்.சி.ஜி. விதையில் டெஸ்டொஸ்டெரோனைச் சுரக்கும் லெய்டிக் கலங்களை எல்.எச். போலவே தூண்டுகிறது. எப்.எஸ்.எச். விந்தணுவை வளர்க்கும் செர்டோலிக் கலங்களை எழுப்புகிறது. இரண்டையும் முதல் நாளிலிருந்தே தரலாம் என்ற கருத்தும் உண்டு. எப்.எஸ்.எச். விலை கூடியது, அப்போது எங்கள் மருந்தகத்தில் இருப்பிலும் இல்லை. விதை முதலில் எச்.சி.ஜி.க்கு எவ்வளவு இணங்குகிறது என்று பார்த்த பின் செலவு செய்வதே இந்தக் குடும்பத்துக்குப் பொருந்தும் என்று கருதினோம்.

வாய்ப்பைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்லவில்லை. விதைகள் நான்கு மில்லிலீற்றருக்கும் குறைவாக இருப்பதும், ஒரு விதை பதினொரு வயதுவரை இறங்காமல் கிடந்ததும் பலனைக் குறைக்கக்கூடியவை என்றும், ஒன்றரை, இரண்டு வருடங்கள் ஆகலாம் என்றும் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கூறினோம். மாமியாரையும் அழைத்து வரச் சொன்னோம். மருமகளுக்குக் குறை ஏதும் இல்லை என்பதை அவர் எங்கள் வாயால் கேட்க வேண்டியிருந்தது. அன்று அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த மாதம் மகனுடன் துணைக்கு வந்தவர் அவர்தான்.

ஊசியை எங்கே வைப்பது என்பது அடுத்த சிக்கல். அவர்கள் குடியிருக்கும் தோட்ட வரிசை வீடான லயத்தில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. தோட்ட மருந்தகத்தில் இருப்பது தடுப்பூசிகளுக்கானது. அதில் வேறு மருந்து வைக்கலாகாது என்ற விதியை வைத்திய உதவியாளர் விட்டுக்கொடுக்கவில்லை, அது சரியானதே. 25 பாகை செல்சியசுக்குக் கீழே வைத்தால் போதும் என்று உறையில் குறிப்பிடப்பட்ட, தூளாக வந்து போடுமுன் கரைத்துக்கொள்ளும் வகையைத் தேடி எடுத்தோம். மலைநாட்டுக் குளிர் இதற்கு உதவியது. ஆனாலும் தகரக் கூரையின் அடியிலும் அடுப்பின் பக்கத்திலும் வெப்பம் ஏறுவதால், உள்ளறையில் தரையோடு ஒட்டிய தட்டில் வைக்கும்படி இடத்தைக் குறித்துக் கொடுத்தோம். வாரந்தோறும் பஸ் ஏறி வர முடியாது என்பதால், தோலின் கீழ் ஊசி போடுவதற்கு மனைவிக்கே வைத்திய உதவியாளர் பழக்கிக் கொடுத்தார்.

ஒற்றைச் சிறுநீரகத்துக்காகச் சில ஏற்பாடுகள் செய்யப்பட்டன. இடுப்பு வலிக்கென்று கடையில் வாங்கி விழுங்கும் வலிநிவாரணி மாத்திரைகளை நிறுத்தச் சொன்னோம். தோட்டங்களில் இந்தப் பழக்கம் பரவலாக உண்டு. வருடத்துக்கு ஒரு தடவை இரத்த அழுத்தம், கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் ஆகியவற்றைப் பார்க்கவும் குறித்தோம். எலும்புக்காகக் கல்சியமும் விற்றமின் டியும் கொடுக்கப்பட்டன.

சிகிச்சைக் காலமும் விளைவும்

ஆறு மாதங்களில் டெஸ்டொஸ்டெரோன் 15 நனோமோலுக்கு உயர்ந்தது. குரல் உடைந்தது, சவரம் தேவைப்பட்டது. வலது விதை 7 மில்லிலீற்றராகவும் இடது 4 ஆகவும் வளர்ந்தன. முதன்முறையாக விந்து வெளிவந்தது, ஆனால் அதில் விந்தணு இல்லை. மார்பில் சிறிது வீக்கமும் முகப்பருவும் வந்தன. முப்பத்து மூன்று வயதில் திடீரென்று பருவமடைவது உடலைவிட மனதுக்குப் பாரமானது. எரிச்சலும் தூக்கமின்மையும் இருந்த மாதங்களில் தாதி ஒருவர் தொலைபேசியில் அவருடன் தொடர்ந்து பேசி வந்தார்.

எப்.எஸ்.எச். சேர்த்த பின் செலவு கூடியது. தொழிற்சாலை நண்பர்கள் தங்கள் சீட்டின் முதல் எடுப்பை அவருக்கு விட்டுக்கொடுத்தார்கள். தென்மேல் பருவ மழையில் பாதையில் மண் சரிந்து இரண்டு வாரம் மருந்து வந்துசேரவில்லை. அதனால் பாதிப்பு ஏற்படவில்லை. ஐந்தாம் மாதத்தில், சுழற்றிப் படியவைத்த விந்தில் சில விந்தணுக்கள் தென்பட்டன. ஒன்பதாம் மாதத்தில் மில்லிலீற்றருக்கு 18 இலட்சம் இருந்தன, அவற்றில் மூன்றில் ஒரு பங்கு அசைந்தன. உலக சுகாதார நிறுவனம் 2021இல் கீழெல்லையாகக் கொண்ட 160 இலட்சத்துடன் ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. ஆனால் இந்நோய்க்குச் சிகிச்சை பெறும் ஆண்களில் விந்தணுக்களின் தரம் நன்றாக இருப்பதால், குறைந்த எண்ணிக்கையிலும் இயற்கையாகக் கருத்தரிப்பு நிகழ்வதுண்டு. அதனால் செயற்கை முறைகளுக்கு அவசரப்படாமல் தொடர்ந்தோம். எப்.எஸ்.எச். தொடங்கிய பதின்மூன்றாம் மாதத்தில், எண்ணிக்கை 30 இலட்சமளவில் இருக்கும்போது மனைவி கருவுற்றார். நிறைமாதத்தில் 2.7 கிலோ எடையுடன் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையின் ஸ்கேனில் இரு சிறுநீரகங்களும் இருந்தன.

இரண்டாவது குழந்தையும் வேண்டும் என்பதால் எப்.எஸ்.எச். மட்டும் நிறுத்தப்பட்டு எச்.சி.ஜி. தொடர்கிறது. ஒரு தடவை தொடங்கிவிட்ட விந்தணு உற்பத்தியை அது தனியாகவே சில காலம் தக்கவைக்கக்கூடும். அதன் பின் டெஸ்டொஸ்டெரோனுக்கு மாற்றும் எண்ணம் உண்டு. வாசனை அவருக்கு வராது. அதை மருந்து மாற்றாது என்பதை முதலிலேயே சொல்லியிருந்தோம். எரிவாயு அடுப்பு வாங்கும் யோசனை இருந்ததால், கசிவு அவருக்குத் தெரியாது என்பதை மனைவிக்கு அழுத்திக் கூறினோம்.

குடும்பத்தில் ஏனையோர்

கணவரின் தாயாரிடம் விசாரித்தபோது, கலியாணம் முடிக்காமலே காலமான தமது தம்பிக்கும் மீசை வளரவில்லை, பூ வாசம் தெரியாது என்றார். எக்ஸ் வழி வரும் நோயில் தாய்மாமனும் மருமகனும் பாதிக்கப்படுவது எதிர்பார்க்கக்கூடியதே. உடனே கணவரின் அக்காவின் மகனை அழைத்துப் பார்த்தோம். பதினான்கு வயது நிறைந்திருந்தது. விதைகள் 2 மில்லிலீற்றர். கோப்பித்தூளும் கருவாடும் அவனுக்கும் தெரியவில்லை. கண்டியில் சிறுவர் அகஞ்சுரக்கும் சுரப்பி நிபுணர் அவனுக்குக் குறைந்த அளவு டெஸ்டொஸ்டெரோனைத் தொடங்கி, படிப்படியாகக் கூட்டி வருகிறார். மாமாவுக்கு மறுத்த அதே மருந்தை அவனுக்குக் கொடுப்பது ஏன் என்று அக்கா கேட்டார். அவனுக்கு இப்போது தேவைப்படுவது சக மாணவர்களுடன் சேர்ந்து வளர்வதும் எலும்பு உறுதியும். பிள்ளை வேண்டும் என்ற காலத்தில் மாமாவுக்குக் கொடுத்த ஊசிகளுக்கு மாறலாம், இடையில் கொடுக்கும் டெஸ்டொஸ்டெரோன் அந்த வாய்ப்பைக் கெடுக்காது.

பிறந்த பெண் குழந்தை தந்தையின் எக்ஸ் நிறமூர்த்தத்தைப் பெற்றிருப்பதால், அவளில் நோய் வெளிப்படாவிட்டாலும் அவளுக்குப் பிறக்கும் ஆண் பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் பாதி வாய்ப்பு உண்டு. அத்தை மகன், மாமன் மகள் என்று முறை பேசுவது இந்தச் சமூகத்தில் வழக்கம். குழந்தையை அந்தப் பையனுக்குத்தான் என்று வீட்டில் இப்போதே சொல்லிக்கொள்கிறார்கள். அப்படி நடந்தால் பெண் பிள்ளைகளுக்கும் இரு பக்கமிருந்தும் பழுது சேரக்கூடும் என்பதைப் படம் வரைந்து இரு குடும்பங்களுக்கும் விளக்கினோம்.

இனி மாற்றிச் செய்பவை

குழந்தையில்லாமல் வரும் தம்பதியில் கணவரின் உடற்பரிசோதனையும் விந்துப் பரிசோதனையும் முடியும்வரை, மனைவிக்குக் குழாய்ப் படம் எழுதுவதில்லை என்று எங்கள் கிளினிக்கில் முடிவு செய்திருக்கிறோம். வைத்திய உதவியாளர்களின் கடிதத்தில் இருவர் பெயரும் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். மீசை வளரவில்லை என்று வரும் இளைஞருக்கு, இரத்தத்தில் எல்.எச்., எப்.எஸ்.எச். பார்க்காமலும் பிள்ளை விருப்பத்தைக் கேட்காமலும் டெஸ்டொஸ்டெரோன் தொடங்கலாகாது. வாசனையைச் சோதிக்கும்போது தைலம் பயன்படாது, கோப்பித்தூள் ஒரு பொட்டலம் போதும்.

விதை இறங்காத சிறுவர்களுக்கு ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் சத்திரசிகிச்சை செய்வதே இன்றைய முறை. அவர்களில் ஆண்குறியும் சிறிதாக இருப்பவர்களை அத்துடன் அனுப்பிவிடாமல், பாடசாலையில் 7ஆம், 10ஆம் தர மாணவர்களுக்கு நடைபெறும் வைத்தியப் பரிசோதனையில் மீண்டும் பார்க்கும்படி சுகாதார வைத்திய அதிகாரிக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்பத் தொடங்கியுள்ளோம். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் அட்டையில், எப்போது மீண்டும் வர வேண்டும் என்ற வரி தமிழிலும் எழுதப்படுகிறது.